கண்ணேற்றுப் புகை குறித்து நீலத்துறைக்கு விடுத்த மறுமொழி

நலம் பெருகுக, நெல் விளைக, நெஞ்சு குளிர்க, அதற்கு முன்னதாகத் தொண்டை குளிர்க.

மூன்று மலையும் ஆண்டுக்கொரு மழையும் உடைய வெண்கரட்டு நாட்டை முன்னோர் வைத்துச்சென்ற உரிமையாலும் தேவியார் காட்டிவரும் பொறுமையாலும் ஆள்பவரும், பகைவர் எவரும் மூட்டாத புகையைத் தம் அரண்மனை முற்றத்தில் தம் கையாலேயே மூட்டித் தம் பட்டத்து யானையைத் தாமே காட்டுக்குத் துரத்தியவரும், பெற்ற மகளின் நிச்சயதாம்பூலத் தட்டு கைம்மாறும் முன்பே கவிழக் காரணமானவருமாகிய சாத்தவேள், அலைகள் அடிவருடும் நீலத்துறை நாட்டின் அதிபதியும், எண்ணிறந்த மரக்கலங்களுக்கு உடையவரும், எமக்குச் சம்பந்தியாக இருந்தவரும், இனியும் இருப்பாரா என்பது தெளியாதவருமான வில்லவராயர் சமுகத்துக்கு விடுக்கும் ஓலை.

தங்கள் துறையில் காற்று நேரே வீசுக. தங்கள் கலங்கள் சேதமின்றிக் கரையேறுக. தங்கள் கண்களின் சிவப்பு இதற்குள் தணிந்திருப்பதாக.

தங்கள் தூதர் கொணர்ந்த ஓலையை முறைப்படி எழுந்துநின்று வாங்கினோம். முறைப்படி கண்களில் ஒற்றிக்கொண்டோம். பிறகு வாசித்தோம். வாசித்த பின், கண்களில் ஒற்றியதற்காக வருந்தினோம். விருந்துக்கு அழைத்து நஞ்சுப்புகை இட்டவன் என்றும், மலைச்சூனியக்காரன் என்றும், அரசுகட்டிலில் அமர்ந்த தோட்டக்காரன் என்றும் எம்மைக் குறித்திருக்கிறீர்கள். முதல் இரண்டும் பொய். மூன்றாவதைத் தாங்கள் வசையாக எழுதினீர்களோ என்னவோ, எம் தேவியார் அதைக் கேட்டு, இத்தனை ஆண்டில் தம் கணவரைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே அயல்நாட்டார் தாங்களே என்று சொன்னார்.

நடந்ததை நடந்தபடி இங்கே எழுதிவைப்பது நலம். தங்கள் ஓலையில் உள்ளதை வாசித்தால் அது வேறு எங்கோ, வேறு யாருக்கோ நடந்ததுபோல இருக்கிறது.

தங்கள் மகன் சேந்தநம்பிக்கு எம் மகள் எயினியைக் கேட்டுப் பேச்சுத் தொடங்கிய காலத்தில், தங்கள் கடல்மாளிகையில் நாம் விருந்துண்டோம். அன்று வெள்ளிக்கிழமை. தங்கள் மகன் பிறந்த நாள்தொட்டு வெள்ளிதோறும் செய்துவருவதாகச் சொல்லி, உப்பும் வற்றல் மிளகாயும் அவர் தலையைச் சுற்றித் தீயில் இட்டார்கள். கண்ணேறு இல்லாத பிள்ளையானால் மிளகாய் நெடி எழுந்து சுற்றியிருப்போர் இருமவேண்டும். கண்ணேறு இருந்தால் நெடியை அது விழுங்கிவிடும். இது தங்கள் நாட்டிலும் எம் நாட்டிலும் பால்குடி மறவாத பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். அன்று நெடி எழவில்லை. எந்த வெள்ளியும் எழுந்ததில்லை என்று தாங்களே எம்மிடம் சொன்னீர்கள். அதனால்தான் பிள்ளை வெளியே போவதில்லை என்றும், போனால் திரையிட்ட பல்லக்கில்தான் என்றும், நெடி எழும் நாள்வரை மணநாள் குறிக்கலாகாதென நிமித்திகர் கூறிவிட்டார் என்றும் சொல்லி, மேலாடையால் கண்ணைத் துடைத்தீர்கள். மீசை முற்றிய ஆண்மகன், கன்னத்தில் மைப்பொட்டோடு, சாளரத்தின் வழியே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். கடல்நாட்டு இளவரசர் கடலில் கால் நனைத்ததில்லை.

நாம் சும்மா இருந்திருக்கலாம். அது எமக்கு வராத கலை. எவரும் பாராத நேரத்தில் அந்தத் தட்டில் மிஞ்சிய வற்றல் ஒன்றை எடுத்து ஒடித்தோம். ஒடியவில்லை, வளைந்தது. பண்டகசாலையில் உப்புக்காற்றைக் குடித்து நமத்து வெளுத்துப்போன வற்றல். நாவில் வைத்தோம்; புளியம்பழத் தோல் இதைவிட உறைக்கும். வில்லவராயரே, தங்கள் மகன்மேல் கண்ணேறு இல்லை. தங்கள் மிளகாயில் காரம் இல்லை. அன்றே இதைச் சொல்லியிருக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவன் சம்பந்தி வீட்டுச் சமையற்கட்டைக் குறைசொல்வதா என்று நாவைக் கடித்துக்கொண்டு எழுந்துவந்தோம். சொல்லால் தீர்த்திருக்க வேண்டியதைச் செயலால் தீர்க்கலாம் என்று வழியெல்லாம் எண்ணிக்கொண்டே வந்தோம். எம் வாழ்வில் நேர்ந்த பெருந்தொல்லைகள் யாவும் இவ்வாறு நல்லெண்ணத்தோடு நடந்துவந்த வழியில்தான் முளைத்திருக்கின்றன.

தாங்கள் சுற்றம் சூழ எம் நாட்டுக்குத் தாம்பூலம் மாற்ற வந்த அன்று, கண்ணேறு கழிப்பது எம் தேவியாரின் கடமை. அதை நாம் பிடுங்கிக்கொண்டோம். தாங்கள் கொண்டுவந்த தங்கள் ஊர் வற்றலைத் தட்டிலிருந்து எடுத்துவிட்டு, எம் மேல்மாடத்துச் சட்டியில் நாமே வளர்த்துக் காயவைத்த தேள்கொடுக்கு மிளகாயை வைத்தோம். அதன் தன்மை தாங்கள் அறியீர்கள். எம் சமையற்கட்டில் ஒரு பெரும்பானைக் குழம்புக்கு அதில் ஒன்றை நூலில் கட்டி இறக்கி, ஒரு கொதி வந்ததும் வெளியே எடுத்துவிடுவார்கள். பிறகு அந்த நூலையும் தொடமாட்டார்கள். ஒன்று போதும் என்று தேவியார் சொன்னார். இத்தனை ஆண்டு பூட்டிக்கிடந்த பிள்ளையின் கதவை ஒரே வற்றல் திறந்துவிடுமா என்று எமக்கு மனம் ஆறவில்லை. கைப்பிடி நிறைய அள்ளி, தங்கள் மகன் அமர்ந்திருந்த பல்லக்கைச் சுற்றித் தீயில் போட்டோம்.

பிறகு நிகழ்ந்ததைத் தாங்கள் விரிவாக எழுதியிருப்பினும் சில விடுபட்டிருக்கின்றன. நாதசுரக்காரர் ஊதிய மூச்சைத் திரும்ப உள்ளே இழுத்தார். அப்போது எழுந்த ஒலியை எப்பண்ணிலும் சேர்க்க இயலாது. தங்கள் நிமித்திகர், நல்ல நேரம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று உரைத்துக்கொண்டே மதிலேறிக் குதித்தார். எம் யானை கட்டுத்தறியையும் இழுத்துக்கொண்டு மலையேறியது. பாகன் கரும்புக் கட்டோடு அடிவாரத்தில் அமர்ந்து இன்றும் அதன் பெயரைச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருக்கிறான். தாங்கள் அரசர்க்குரிய நிதானத்தோடு எம் குளத்தில் இறங்கினீர்கள். கழுத்தளவு நீரில் நின்றும் மகுடம் நனையாமல் காத்தீர்கள் என்பதை எம் சபையார் மனமார வியந்து பேசுகிறார்கள். கவிழ்ந்த தட்டின் வெற்றிலையை எம் ஆடுகள் தின்றன. அன்று முற்றத்தில் நலமாக இருந்தவை அவை மட்டுமே.

ஆனால் ஒன்றைத் தாங்கள் காணவில்லை. அப்போது குளத்தில் இருந்தீர்கள். பல்லக்குத் தூக்கிகள் ஓடியபின், திரை விலகித் தங்கள் மகன் வெளியே வந்தார். முற்றத்தின் நடுவே தனியாக நின்றார். இருமலோடு இருமலாகச் சிரித்தார். கண்ணீர் மைப்பொட்டைக் கரைத்துக்கொண்டு ஓடியது. மோர்ச்செம்போடு ஓடிவந்த எம் மகளிடம், "வந்துருச்சா? நெடி வந்துருச்சா?" என்று கேட்டார்.

"ஊருக்கே வந்துருச்சு. குடிங்க முதல்ல," என்றாள் அவள்.

இனித் தங்கள் ஓலையின் ஆணைகளுக்கு வருவோம். எம் மேல்மாடத்து மிளகாய்ச் செடிகள் அனைத்தையும் வேரோடு பிடுங்கி எரிக்கவேண்டும் என்கிறீர்கள். நாம் தலைப்பாகையைக் கையில் ஏந்தி நீலத்துறை வாயிலில் வந்து நிற்கவேண்டும் என்கிறீர்கள். இரண்டும் நிறைவேறாவிடில் நிச்சயம் முறியும். தங்கள் படை கணவாய் ஏறிவந்து அந்தச் செடிகளைத் தானே எரிக்கும் என்கிறீர்கள்.

வரட்டும். எம் படை சிறியது. பாதிப்பேர் யானையைத் தேடப் போயிருக்கிறார்கள். ஆனால் எம் மலைக்காற்று மாலைதோறும் தங்கள் நாட்டை நோக்கித்தான் இறங்குகிறது. ஒரு கைப்பிடியைத் தீயிலிட்டதால் ஏற்பட்டதைக் கண்ட பின்னரும், மாடம் முழுவதையும் எரிக்கச்சொல்லி எழுதுகின்ற வேந்தரின் துணிவை மெச்சுகிறோம். படைத்தலைவரைத் தனியே அழைத்து இதைக் கேட்டுப்பாருங்கள். அவரும் அன்று எம் குளத்தில் தங்களுக்கு இடப்புறம் நின்றவர்தாம்.

செடிகளை நஞ்சு என்றீர்களே, அவற்றைப் பற்றியும் கேளுங்கள். கேட்கத் தங்களுக்கு விருப்பம் இராது, அதனால்தான் எழுதுகிறோம். எம் நாட்டில் வெல்ல எதிரியும் இல்லை, கட்டக் கோயிலும் மிச்சமில்லை. எம் தந்தையார் ஏழு போர் புரிந்தார். நாம் உடைந்த பானைகளில் மண் நிரப்பினோம். மேலைத்தீவுகளிலிருந்து வரும் கலக்காரர் முத்தும் குதிரையும் காட்டும்போது, நாம் அவர்கள் சமையற்காரனைத் தேடிப்போய் அவன் மடியில் முடிந்துவைத்திருக்கும் மிளகாய்விதையைக் கேட்போம். அவ்விதை சாதாரண விதைபோல மண் கண்டதும் முளைக்காது. ஈரத்துணியில் முடிந்து, வெதுவெதுப்பு ஆறாமல், எம் இடைக்கச்சில் செருகிக்கொண்டு அரசவைக்குப் போவோம். வரிவழக்குகள் கேட்டுக்கொண்டிருக்கையில் எம் இடுப்பில் முளைவிடும். முளைத்தபின் அசுவினிப் பூச்சி அண்டும், அடுப்புச்சாம்பல் தூவவேண்டும். இலை சுருளும், புளித்த மோரைத் தெளிக்கவேண்டும். பூத்தால் பக்கத்துச் சட்டியின் பூந்தாது கலந்து இனம் கெடும். ஆகவே ஒவ்வொரு மொட்டுக்கும் மெல்லிய துணியில் சிறுபை தைத்து மாட்டுவோம். அரசனுக்கு இதுவா வேலை என்று கேட்பீர்கள். எம் தேவியாரும் அதைத்தான் கேட்கிறார். கேட்டுக்கொண்டே பை தைத்துத் தருகிறார்.

ஒருமுறை பை நழுவிய மொட்டிலிருந்து கலப்பாக ஒன்று விளைந்தது. அளவில் பெரிது. நிறத்தில் செக்கச்செவேல். பளபளப்போ, பார்ப்பவர் எட்ட நின்று கும்பிடத் தோன்றும். கடித்தால் வெறும் தண்ணீர். தங்கள் ஓலை வந்த அன்று அதற்கு வில்லவராயம் எனப் பெயர் சூட்டினோம்.

இவ்வரிகளில் எழுத்துச் சாய்ந்திருப்பது சினத்தால் என்று கருதவேண்டாம். வற்றலைப் புரட்டிவிட்டு வந்த கையால் கண்ணைத் தேய்த்துவிட்டோம். இருபது ஆண்டாக வளர்க்கிறோம், இன்னும் கற்கவில்லை.

மீண்டும் சினத்துக்கு வருவோம். தங்கள் நீண்ட ஓலையில் எம் குலம், எம் மலை, எம் மோரின் புளிப்பு யாவும் இழிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று மட்டும் இல்லை. அன்று நெடி எழுந்ததா, இல்லையா? எழுந்ததென்றால் தங்கள் வழக்கப்படியே பிள்ளைக்குக் கண்ணேறு இல்லை, கதவைத் திறக்கவேண்டும். இதைத் தங்கள் தூதரிடம் நேரில் கேட்டோம். அன்று தமக்குச் சளி பிடித்திருந்ததால் மூக்கு சாட்சி சொல்லும் நிலையில் இல்லை என்றார். தங்கள் நிமித்திகருக்கு எழுதிக் கேட்டோம். மலைநாட்டு மிளகாயின் நெடி கடல்நாட்டுக் கண்ணேற்றைக் கட்டுப்படுத்தாது என்று மறுமொழி வந்தது. அப்படியானால் மதிலேறிக் குதித்தது எதற்காம்?

தாங்கள் ஏன் விடையளிக்கவில்லை என்பது எமக்குத் தெரியும். நெடி எழுந்ததென ஒப்பினால், இத்தனை ஆண்டும் ஒரு பிள்ளையை நமத்துப்போன வற்றலுக்காக அடைத்துவைத்தோம் என்பதையும் ஒப்பவேண்டும். எந்தத் தந்தைக்கும் அது எளிதன்று. அதனால் எம்மைச் சூனியக்காரன் என்கிறீர்கள். வேறொரு நாளாக இருந்தால், வேறொரு பிள்ளையின் பொருட்டாக இருந்தால், இருந்துவிட்டுப் போகட்டும் என்று அந்தப் பட்டத்தையும் எம் பட்டங்களோடு சேர்த்துக்கொள்வோம்.

ஆனால் இதில் எம் மகள் இருக்கிறாள். அவளுக்குத் தங்கள் மகன்மேல் மனம் இருந்தால், இந்தச் செடி என்ன, எம் தலைப்பாகை என்ன, அதற்குக் கீழ் உள்ள தலையையே தங்கள் வாயிலில் தாழ்த்துவோம். மனம் இல்லையென்றால், இவ்வோலையை இதுவரை உள்ளதோடு முடித்து, வில்லவராயம் ஒரு கூடை பறித்துத் தங்களுக்கு அனுப்புவோம். எது என்று தெரியவேண்டும். தெரிந்துகொள்ளப் புறப்பட்டோம், அங்கேதான் சிக்கினோம்.

தேவியாரைக் கேட்டோம். பெண்மனம் கேட்டா தெரியவேண்டும் என்றார். கேளாமல் எமக்குத் தெரியவில்லையே என்றோம். அதுதான் தமக்குத் தெரியுமே என்றார். அமைச்சர் காரி வேளாரைக் கேட்டோம். இளவரசியார் விரும்புகிறார் எனக் கொள்வதற்கும் இடமுண்டு, விரும்பவில்லை எனக் கொள்வதற்கும் இடமுண்டு, இரண்டுக்கும் ஏற்ற ஏற்பாடுகள் தம்மிடம் உண்டு என்றார். எயினியையே கேட்டோம். மேல்மாடத்தில் தேள்கொடுக்குக்கு நீர் ஊற்றியாயிற்றா என்றாள். மறுநாளும் கேட்டோம். தந்தையார் சித்தம் எதுவோ அது என்றாள். அந்தப் பேச்சைக் கேட்டு எமக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. பேசத் தொடங்கிய வயதிலிருந்து எம் சித்தப்படி அவள் பல்கூடத் துலக்கியதில்லை. தங்கள் மகனுக்கும் மறைவாக ஓராளை அனுப்பிக் கேட்டோம். தந்தையார் சித்தம் எதுவோ அது என்றே அங்கிருந்தும் வந்தது. அவருடைய தந்தையாருக்குச் சித்தம் இருக்கிறது. எமக்கு அது கொஞ்சம் ஐயம்.

அன்று மோர்ச்செம்பு கொடுத்தபோது அவள் முகத்தைக் கண்டவர் நாம். கண்டது போதும் என்று தீர்மானித்தோம். ஆதலால், வில்லவராயரே, மேலே எழுதிய வசைகள் அனைத்தும் எழுதியவையாகவே இருக்க, எம் மேல்மாடத்துச் செடிகளை நாமே பிடுங்கி மண்ணில் புதைத்துவிட்டு, தலைப்பாகையைக் கையிலேந்தி வரச் சம்மதிக்கிறோம் என்று இதனால் அறிக.

மேற்கண்ட வாக்கியத்தைத் தாங்கள் வாசிக்கவில்லை எனக் கொள்க. எழுத்தாணியால் கீறியதை அழிக்க வழியில்லை. வேறு ஓலைக்கு எழுத எமக்குப் பொறுமையில்லை.

அதைக் கீறி முடித்துவிட்டு, காலை வெயில் ஏறுமுன் மேல்மாடத்துக்குப் போனோம். முதற் சட்டியில் தேள்கொடுக்குச் செடி. காய் இப்போதுதான் பழுக்கத் தொடங்கியிருந்தது. அடித்தண்டைப் பற்றி இழுத்தோம். வேர் சட்டியோடு சேர்ந்து மேலே வந்தது. சட்டி எம் காலில் விழுந்தது. அரசர்க்குரிய ஒலி அப்போது எம்மிடமிருந்து எழவில்லை. ஒலி கேட்டு எயினி வந்தாள். உடைந்த சட்டியையும், எம் கையில் தொங்கிய செடியையும், எம் கண்களையும் பார்த்தாள். கண்கள் கலங்கியிருந்தது காரத்தால் என்றோம். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். உன் கலியாணத்துக்கு வழி செய்கிறேன் என்றோம். பிறகு, இந்த ஒருமுறையாவது நீரூற்றுவதையும் எம் சித்தத்தையும் இழுக்காமல், அந்தப் பிள்ளையைப் பிடித்திருக்கிறதா இல்லையா, அங்கே போகிறாயா இல்லையா என்று கேட்டோம். அவள் செடியை எம் கையிலிருந்து வாங்கி, வேரில் மண் உதிராமல் வேறொரு சட்டியில் வைத்து, மண்ணை அழுத்தினாள். மடித்த முழங்கையால் நெற்றி முடியை ஒதுக்கினாள். எம்மைப்போல் விரலால் ஒதுக்கவில்லை. பிறகு நிமிர்ந்து விடை சொன்னாள்.

இனி இவ்வோலைக்கு ஆணை எம்முடையதன்று. ஞாயிறு சாட்சியாக, மூன்று மலையும் சாட்சியாக, கரட்டு முத்திரையைக் கீழே பதித்துத் தங்கள் தூதர் கையில் கொடுக்கிறோம். முத்திரைக்குக் கீழ் உள்ளது வெண்கரட்டு நாட்டின் முடிவு. ஓலைத்தமிழாக மாற்றினால் அதன் காரம் போய்விடுமென அஞ்சி, எம் மகள் சொன்னது சொன்னபடியே கீறியிருக்கிறோம். தங்கள் மகன் அருகில் இருக்கும்போது, கதவைத் திறந்துவைத்து, உரக்க வாசிக்கச் செய்க.

"எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு அப்பா. அந்த வீடு பிடிக்கலை. போனா என்னையும் திரைக்குள்ள உட்கார வெச்சு வெள்ளிக்கு வெள்ளி சுத்திப் போட்டுக்கிட்டு இருப்பாங்க. நான் போக மாட்டேன். அவர் பல்லக்கு இல்லாம, தன் கால்ல நடந்து மலையேறி வரட்டும். வந்தா இங்கயே இருக்கட்டும், வீட்டோட மாப்பிள்ளையா. அவங்க அப்பாவுக்குக் கோவம் வரும். வரட்டுமே. நீங்க செடியை விடுங்க."